தடுப்புக் கம்பிக்கு முன்னால் பிரிவு 74: தனியார் வாகன நிறுத்தத் தண்டமும் பொது அமைப்பின் விசாரணையும்

தனியார் வாகன நிறுத்துமிடத்தில் விதிக்கப்படும் தண்டத்தொகை பற்றிய முறையீட்டைப் பொது அமைப்பு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை என்ற கருத்து நம் சட்ட எழுத்தில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. சீட்டில் எவ்வளவு பெரிய தொகை அச்சிட்டிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் ஒருவரும் பெற முடியாது என்று சட்டமே சொல்லும்போது வண்டியோட்டிக்கு வேறென்ன காவல் வேண்டும் என்று அத்தரப்பினர் கேட்கிறார்கள். அதே பிரிவைப் படித்து நான் நேர் எதிரான முடிவுக்கு வந்திருக்கிறேன். யாராவது உட்கார்ந்து இழப்பைக் கணக்குப் பார்த்தால்தான் 74ஆம் பிரிவின் காவல் உயிர்பெறும். தடுப்புக் கம்பிக்கு முன்னால் அப்படிக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை.

தில்லியின் கிட்வாய் நகர் இதைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான இடம். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டு, சுமார் 86 ஏக்கரில் என்பிசிசி நிறுவனம் ஏறத்தாழ 4,600 வீடுகளை எழுப்பியது. செலவை ஈடுகட்ட வணிக, அலுவலகப் பரப்பு விற்கப்பட்டது. நிலம் அரசினுடையது, கட்டியது பொதுத்துறை நிறுவனம், குடியிருப்போர் அரசு ஊழியர்கள். சாலைகளோ புது தில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஐஎன்ஏ சந்தை, தில்லி ஹாட், எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனை எல்லாம் கூப்பிடு தூரத்தில் உள்ளன. இப்படிப்பட்ட பகுதிக்குள் வண்டியோடு வருபவர் காவல்துறையின் சலான், நகராட்சி ஒப்பந்ததாரரின் சீட்டு, தனியார் வளாகத்தின் சீட்டு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சந்திக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் சலான் வந்தால், அதை மெய்நிகர் நீதிமன்றத்தில் மறுக்கலாம்; மக்கள் நீதிமன்ற அமர்வில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சீட்டைத் தொலைத்ததற்காக ஒரு வளாகம் அதே 500 ரூபாயைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கம்பி உயர வேண்டுமானால் பணத்தைக் கட்ட வேண்டும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலி எழுப்பும்போது வளாகத்தை நடத்தும் ஒப்பந்ததாரரிடம் யார் நின்று வழக்காடுவார்?

இனி 74ஆம் பிரிவுக்கு வருவோம். இழப்பு நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், பாதிக்கப்பட்ட தரப்பு நியாயமான இழப்பீட்டைப் பெறலாம் என்கிறது அது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகை அதற்கு உச்சவரம்பு. முரண்பாடு முழுவதும் ‘நிரூபிக்கப்பட்டாலும் படாவிட்டாலும்’ என்ற தொடரைச் சுற்றியே இருக்கிறது. 2003இல் ஓஎன்ஜிசி – சா பைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தரப்பினர் முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்ட தொகையாக இருந்தால் இழப்பை நிரூபிக்கத் தேவையில்லை என்றது. மாற்றுத் தரப்பு இதைப் பிடித்துக்கொள்கிறது. வண்டிகள் மாறி மாறி வர இடம் கிடைப்பதில் உரிமையாளருக்குள்ள நலனைப் பணத்தில் அளக்க முடியாது, எனவே பலகையில் எழுதிய தொகையே முன்மதிப்பீடு என்பது அவர்கள் வாதம். துணைக்கு 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் பார்க்கிங்ஐ – பீவிஸ் வழக்கில் சொன்னதை அழைக்கிறார்கள். செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர வரம்பைத் தாண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்ற வண்டிக்கு 85 பவுண்ட் விதித்தது செல்லும், நிறுத்துமிடத்தை நடத்துவோருக்கு இழப்பையும் தாண்டிய நியாயமான நலன் உண்டு என்றது அந்தத் தீர்ப்பு.

இந்த வாசிப்பை ஏற்க இயலவில்லை. 1963இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த ஃபதே சந்த் வழக்கு, முன்மதிப்பீட்டுத் தொகை, தண்டத்தொகை என்று இங்கிலாந்துச் சட்டம் வகுத்திருந்த பிரிவினையையே நம் 74ஆம் பிரிவு அகற்றிவிட்டது என்று தெளிவாக்கியது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல், நியாயமான இழப்பீடு. பீவிஸ் வழக்கு கேட்ட கேள்வியே வேறு. அதன் விடையை இங்கே நட்டால் வேர்பிடிக்காது. அடுத்து 1969இன் மௌலா பக்ஷ் வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழியும் முட்டையும் மீனும் வழங்க ஒப்பந்தம் செய்தவர் தவறியதால் அரசு அவருடைய வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்தது. உருளைக்கிழங்கை வெளியே எந்த விலைக்கு வாங்கினோம் என்று அரசு காட்டியிருக்கலாம், காட்டவில்லை. இழப்பைப் பணத்தில் கணக்கிட முடிகிற இடத்தில் அதை நிரூபித்தாக வேண்டும் என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. சா பைப்ஸ் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2015 ஜனவரியில் கைலாஷ் நாத் – தில்லி வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரிசை முழுவதையும் அலசி, நிரூபணம் கடினமான அல்லது இயலாத இடத்தில் மட்டுமே குறிப்பிட்ட தொகை அப்படியே நிற்கலாம் என்றது. கிட்வாய் நகரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பீகாஜி காமா பிளேஸில் 1982இல் ஏலம் விட்ட மனைக்காகக் கட்டிய 78 லட்ச ரூபாயை ஆணையம் பறிமுதல் செய்திருந்தது. அதே மனையைப் பிறகு 11.78 கோடிக்கு விற்றது. இழப்பு எங்கே என்று கேட்ட நீதிமன்றம், பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது.

வாகன நிறுத்தம் இந்த இரு வகையில் எதைச் சேர்ந்தது? உருளைக்கிழங்கைச் சேர்ந்தது என்றே கருதுகிறேன். மணிக்கு இவ்வளவு, நாளுக்கு உச்சம் இவ்வளவு என்று சந்தை விலையைப் பலகையில் எழுதி நுழைவாயிலில் மாட்டியிருப்பவரே ஒப்பந்ததாரர். ஒரு வண்டி கூடுதலாக நின்றதால் அவர் இழந்தது அந்த விலைதான். இடமில்லாமல் திரும்பிப் போன வண்டிகளால் இழப்பு என்றால், வளாகம் அந்த நேரத்தில் நிறைந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். கேமராவும் நுழைவுப் பதிவும் அதைச் சொல்லும், அவையும் அவர் கையில்தான் இருக்கின்றன. அளக்க முடியாத நலன் என்பது பெரும்பாலும் அளந்து காட்டாத நலன். இந்த முடிவுக்கு ஒரு வரம்பு உண்டு. மருத்துவமனை வாசலிலோ தீயணைப்பு வண்டி செல்லும் வழியிலோ நிறுத்துவதால் வரும் கேட்டைப் பலகை விலையால் அளக்க முடியாது. அங்கே சா பைப்ஸின் தர்க்கத்துக்கு இடம் இருக்கலாம்.

இங்கேதான் மாற்றுத் தரப்பு ஒரு படியைத் தாண்டிவிடுகிறது. இங்கிலாந்தில் தனியார் நிறுவனம் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து உரிமையாளரின் முகவரியைப் பெற்று அறிவிப்பு அனுப்புகிறது. பணம் வண்டியோட்டியின் கையில் இருக்கிறது; வாங்க வேண்டுமானால் நிறுவனம் வழக்குத் தொடர வேண்டும். நம் ஊரில் கம்பி உயரும் முன்பே பணம் கைமாறிவிடுகிறது. 74ஆம் பிரிவு நிரூபணச் சுமையை இழப்பைக் கோருபவர் மேல் வைக்கிறது. ஆனால் முன்பே வாங்கிவிட்டவர் எதையும் கோரி எங்கும் போவதில்லை. சுமை சத்தமில்லாமல் வண்டியோட்டியின் தோளுக்கு மாறிவிடுகிறது. கட்டிய பணம் விருப்பத்தோடு கட்டியது, அங்கே 74க்கு வேலை இல்லை என்றும் சிலர் வாதிடுகிறார்கள். ஃபதே சந்த் தீர்ப்பு அதற்கும் பதில் சொல்கிறது: ஏற்கெனவே பெற்ற பணத்தைப் பறிமுதல் செய்வதும் இப்பிரிவுக்குள் அடங்கும். தவிர, நிர்ப்பந்தத்தால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் 72ஆம் பிரிவில் ‘நிர்ப்பந்தம்’ என்ற சொல்லுக்கு 15ஆம் பிரிவின் குறுகிய வரையறையைப் பொருத்தக் கூடாது, வழக்கமான பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று பிரிவி கவுன்சில் 1913லேயே சொல்லிவிட்டது. கதவடைத்துப் பணம் கேட்பது வழக்கமான பொருளில் நிர்ப்பந்தமில்லை என்பவரோடு வாதிட எனக்கு அதிகம் இல்லை.

தொலைந்த சீட்டுக்கான தண்டம் திருட்டைத் தடுக்கத்தான் என்ற நியாயத்தையும் சற்று உரசிப் பார்க்கலாம். அதே சீட்டில் ‘உரிமையாளரின் பொறுப்பில் நிறுத்தவும்’ என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். 2019 நவம்பரில் தில்லி தாஜ் மஹால் ஓட்டல் வழக்கில், சாவியை வாங்கி வண்டியை நிறுத்திய ஓட்டல் ஒப்படைப்புப் பெற்றவரின் கடமையைச் சுமக்கிறது, தன் கவனக்குறைவை அந்த வரியால் மூடிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவியை நாமே வைத்திருக்கும் இடங்களுக்கு அத்தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேள்வி நிற்கிறது. வண்டியைக் காக்கும் பொறுப்பு வளாகத்துக்கு உண்டு என்றால், பதிவுச் சான்றைப் பார்த்து உரியவரை அறிவது அதன் கடமை. அதற்குத் தனித் தண்டம் எதற்கு? பொறுப்பே இல்லை என்றால், சீட்டுத் தொலைந்ததால் அதற்கு என்ன இழப்பு?

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பார்கள். இழப்புக்குச் சிறிதும் பொருந்தாத தண்டத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(46) வரையறுக்கிறது, உண்மை. ஆனால் அத்தகைய விதியைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைப் பிரிவு 49(2) மாநில ஆணையத்துக்கும் 59(2) தேசிய ஆணையத்துக்கும் தருகிறது. மாவட்ட ஆணையத்தின் அதிகாரங்களைப் பட்டியலிடும் 39ஆம் பிரிவில் அது இல்லை. மாவட்ட ஆணையம் 500 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லலாம். பலகை அப்படியே தொங்கும். 500 ரூபாய்க்காக மாநில ஆணையத்தின் படியேறுபவரை எதிர்பார்த்துச் சட்டத்தை அமைக்க முடியாது. தொகை சிறியது, பொதுப்பணம் வீண் என்ற ஆட்சேபத்தில் எனக்குச் சாரம் தெரியவில்லை: சிறிய தொகை என்பதாலேயே அது கேள்வியின்றி வசூலாகிறது.

அப்படியானால் எந்தப் பொது அமைப்பு? உள்ளாட்சியே நடத்தலாம் என்பவர்கள் லண்டனைக் காட்டுவார்கள். 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டனும் சேர்ந்த லண்டன் கவுன்சில்ஸ், 2012 அக்டோபர் முதல் 2015 செப்டம்பர் வரை தனியார் நிறுத்தக் கட்டணங்களுக்கான முறையீட்டுச் சேவையை நடத்தியது. செலவைத் தந்தது நிறுத்தத் தொழிலின் சங்கம். பொதுச் சட்டத்தின்கீழ் நிற்கும் ஓர் அமைப்புக்குத் தனியார் ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்க அதிகாரம் உண்டா என்ற ஆட்சேபம் அங்கே எழுந்தது. சேவை பிறகு வேறு கைக்குப் போனது. இன்று நிறுத்தத் தொழில் நடத்துவோருக்கு இரண்டு சங்கங்கள், இரண்டு முறையீட்டுச் சேவைகள். எல்லோருக்கும் ஒரே நடத்தை நெறி வேண்டும் என்று 2019இல் சட்டம் இயற்றி, 2022 பிப்ரவரியில் வெளியிட்ட நெறியை ஜூன் மாதமே திரும்பப் பெற்றார்கள். அதிகாரத்தின் ஊற்று சட்டத்தில் இல்லாமல் தொழிலின் ஒப்பந்தத்தில் இருந்ததே அங்கே நேர்ந்த பிழை என்று வாசிக்கிறேன். புது தில்லி நகராட்சி மன்றத்துக்கு வேறொரு தடையும் உண்டு. நிறுத்துமிடங்களைக் குத்தகைக்கு விட்டு வருவாய் பெறும் அமைப்பு, குத்தகைதாரரின் வசூலை விசாரிக்கக் கூடாது.

தனியார் கட்டணத்தைப் பொது அமைப்பு விசாரிப்பது நமக்குப் புதிதும் இல்லை. கிட்வாய் நகருக்கு மின்சாரம் தருவது நகராட்சி மன்றம். அருகிலுள்ள சவுத் எக்ஸ்டென்ஷனுக்குத் தருவது தனியார் நிறுவனமான பிஎஸ்இஎஸ் ராஜதானி. அந்தத் தனியார் நிறுவனத்தின் ரசீதில் தகராறு என்றால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் பிரிவு 42(6)இன்படி ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்திய குறைதீர்ப்பாளர் வரை போகலாம். வாகன நிறுத்தத்துக்குப் பொருத்தமான கருவி 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 2002இல் சேர்த்த நிரந்தர மக்கள் நீதிமன்றம். எந்தச் சேவையையும் பொதுநலன் கருதி அறிவிக்கையால் ‘பொதுப் பயன்பாட்டுச் சேவை’ ஆக்க அரசுக்கு 22ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடு அங்கே இல்லை, வளாகத்தின் நுழைவுப் பதிவைக் கேட்டுப் பெறலாம். முதலில் சமரசம் பேசியாக வேண்டும் என்று கனரா வங்கி – ஜெயராமா வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சீட்டுத் தொலைந்த வழக்குகளில் பாதிக்கு மேல் அந்தப் படியிலேயே தீரும் என்பது என் நம்பிக்கை. விதியையே செல்லாததாக்கும் அதிகாரம் இதற்கும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடர்ந்து தோற்கும் விதியைப் பலகையிலிருந்து நீக்கச் சொல்லும் நிபந்தனை குத்தகை ஆவணத்தில் இருக்க வேண்டும்.

உண்மையான இடர் ஒன்று மிச்சம் இருக்கிறது. லண்டன் சேவையின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது, வண்டியோட்டியைக் கட்டுப்படுத்தவில்லை. தோற்றவர் பணம் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதிடலாம். நம் 22இ பிரிவின்படி தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் மட்டுமே. கம்பியருகே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இது கடுமையான விலை. ஆகவே அறிவிக்கையோடு, தீர்ப்பு தனக்கு எதிராக வந்தால் மட்டுமே இறுதி என்று ஒப்பந்ததாரர் எழுதித் தரும் உறுதிமொழியும் உரிம நிபந்தனையாக வர வேண்டும். தில்லியில் அந்த அறிவிக்கையை ஒன்றிய அரசும் வெளியிடலாம், துணைநிலை ஆளுநரும் வெளியிடலாம். நிலமும் வீடுகளும் ஒன்றிய அரசினுடையதாக இருக்கும் கிட்வாய் நகரில் முதல் அறிவிக்கை ஒன்றிய அரசிடமிருந்தே வருவது முறை.