நாலே வாக்கியம்: கால்வெஸ்டன் ஆணை எண் 3

அமெரிக்காவில் ஜூன் 19-ஐ ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். 2021 முதல் அது தேசிய விடுமுறை. அந்த நாளுக்குக் காரணமான காகிதத்தை முழுசாகப் படித்தவர்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன். இத்தனைக்கும் அது நாலே வாக்கியம்.

முதலில் பின்னணி. அடிமை விடுதலைப் பிரகடனத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1863 ஜனவரி 1. கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். யூனியன் படை போய்ச் சேர்ந்தால்தான் அங்கே அதற்கு உயிர். டெக்சாஸுக்குள் படை பெரிதாக வரவே இல்லை. அதனாலேயே மற்ற மாநில முதலாளிகள் தங்கள் அடிமைகளை அங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். போர் முடியும்போது அங்கே சுமார் 2,50,000 அடிமைகள். "செய்தி வந்து சேர இரண்டரை வருஷம் ஆச்சு" என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலாளிகளுக்குச் செய்தி தெரியும், வராதது படை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பேட்ச் எப்போதோ ரிலீஸ் ஆகிவிட்டது, சர்வரில் போட ஆள் இல்லை.

1865 ஜூனில் மேஜர் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு வந்தார். 19-ம் தேதி ஆணை வெளியானது. அதன் கையெழுத்துப் பிரதி ஒரு ராணுவப் பதிவேட்டுக்குள் மற்ற ஆணைகளோடு ஆணையாக இருக்கிறது. கீழே இருப்பது கிரேஞ்சரின் பெயர் அல்ல, அவர் உத்தரவுப்படி என்று போட்டு, மேஜர் எமரி என்ற அதிகாரியின் பெயர். வாசகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், இந்தப் பக்கத்தை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் தேடி எடுத்தது 2020 ஜூனில்தான்.

முதல் வாக்கியம், அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள் என்கிறது. இரண்டாவது இன்னும் பெரிசு: தனிமனித உரிமையிலும் சொத்துரிமையிலும் பழைய எஜமானும் பழைய அடிமையும் முழுச் சமம், இனி அவர்கள் முதலாளியும் கூலியாளும்.

மூன்றாவதில் குரல் மாறுகிறது. இப்போது இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்று விடுதலையானவர்களுக்கு அறிவுரை. நாலாவதில் எச்சரிக்கை: ராணுவ முகாம்களில் வந்து கூடக் கூடாது, சும்மா இருப்பவர்களுக்குச் சோறு போட மாட்டோம். ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள். பருத்தி வயலில் நிற்கிறது, இன்னும் பறிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களிடம் சோம்பேறித்தனம் பற்றிப் பேசுகிறது இந்த ஆணை! எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது கூலி தராமல் வாங்கியவர்களுக்கு, ஒரு வரி அறிவுரைகூட இல்லை.

ஆனாலும் பலர் இருந்த இடத்தில் இருக்கவில்லை. வேறு தோட்டத்துக்கு விற்கப்பட்ட மனைவியை, பிள்ளையைத் தேடிக் கிளம்பிப் போனார்கள்.