கொக்கிஸும் குக்கியும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது இலங்கையில் வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, முட்டையும் உப்பும் சிட்டிகை மஞ்சளும் சேர்த்து, பூவடிவ அச்சை அதில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பலகாரம் கொக்கிஸ். சிங்களவர் வீட்டுப் புத்தாண்டு மேசையில் பாற்சோற்றுக்கும் கவும் என்ற எண்ணெய்ப் பலகாரத்துக்கும் பக்கத்தில் இது இல்லாமல் இராது. தட்டில் அடுக்கி அயல்வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அமெரிக்கர் கிறிஸ்துமஸுக்குச் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறார்களே, அந்தக் குக்கியும் இந்தக் கொக்கிஸும் ஒரே சொல்.

சொல் ஒல்லாந்தருடையது, அதாவது டச்சுக்காரர்களுடையது. அவர்கள் மொழியில் 'கூக்' என்றால் கேக். 'யெ' என்ற விகுதி சேர்ந்தால் சிறியது என்று பொருள்: 'கூக்யெ', சின்னக் கேக். பன்மை 'கூக்யெஸ்'. சமைப்பதைக் குறிக்கும் ஆங்கிலக் 'குக்'கிலிருந்துதான் குக்கி பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் 'குக்' லத்தீன் வழி வந்தது, வேறு குடும்பம். அச்சின் நீண்ட கம்பிக் காம்பைக் காட்டி, நம் கொக்கிதான் கொக்கிஸ் ஆயிற்று என்று யாராவது சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். ஒலி ஒத்தால் போதும், வேர் சொல்லிவிடும் அவசரக்காரர்கள் நம்மிடையே உண்டு.

மேற்கே போன கப்பலில் இந்தச் சொல், அமெரிக்கக் கரையில் ஒல்லாந்தர் அமைத்த நியூ நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1664இல் ஆங்கிலேயர் அங்கிருந்த நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்து நியூயார்க் ஆக்கினார்கள். ஆட்சி போயிற்று, அடுப்படிச் சொல் போகவில்லை. இங்கிலாந்தில் பிஸ்கட் என்பதை அமெரிக்கர் இன்றும் குக்கி என்றே சொல்கிறார்கள். (ஸ்காட்லாந்தில் குக்கி என்றால் பன்.) அமெலியா சிம்மன்ஸ் எழுதி 1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலாகக் கருதப்படுவது. கிறிஸ்துமஸ் குக்கிக்கு அதில் செய்முறை இருக்கிறது. மூன்று பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரைப் பவுண்டு சர்க்கரை, கூடவே ஒரு தேநீர்க் கோப்பை கொத்தமல்லித் தூள்! ரசத்துக்கு அரைக்கும் அதே மல்லிதான். பேக்கிங் பவுடர் வராத காலம் என்பதால், மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைப் பாலில் கரைத்து ஊற்றச் சொல்கிறார். சுட்ட புதிதில் கல்லாக இருக்குமாம். மண்பானையில் போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் மெத்தென்று ஆகிச் சுவையும் கூடுமாம். முன்கூட்டியே சுட்டு வைக்கலாம், எண்ணிக் கொடுக்கலாம், வெளியூருக்கு அனுப்பினாலும் கெடாது. டிசம்பரில் அங்கே நடக்கும் 'குக்கி எக்ஸ்சேஞ்ச்' இந்த வசதியை நம்பித்தான் நடக்கிறது. ஆளுக்கொரு வகையை டஜன் கணக்கில் சுட்டு வந்து மாற்றிக்கொள்வார்கள். திரும்பும்போது ஒவ்வொருவர் டப்பாவிலும் எல்லா வகையும் இருக்கும்.

கிழக்கே வந்த கப்பல்கள் கறுவாப்பட்டையைத் தேடி வந்தவை. 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்துப் போர்த்துக்கேயரை வெளியேற்றிய ஒல்லாந்தர், 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டார்கள். சிம்மன்ஸின் நூல் வந்த அதே ஆண்டு! கந்தோர் (அலுவலகம்), கக்கூஸ் இரண்டும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். 'கூக்யெஸ்' பன்மையிலேயே வந்து, 'ஒரு கொக்கிஸ்' என்று ஒருமையாகவும் ஆகிவிட்டது. சிப்ஸை நாம் அப்படித்தானே செய்தோம்.

பண்டத்தின் கதை வேறு. கோதுமை, வெண்ணெய், அடுமனை அடுப்பு மூன்றுமே இதில் இல்லை. கொக்கிஸ் சுடுவதில்லை, பொரிப்பது. அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காயவிட வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. தோய்க்கும்போது அச்சின் மேல்விளிம்பு மாவுக்கு வெளியே நிற்க வேண்டும். அதுவும் மூழ்கிவிட்டால் கொக்கிஸ் அச்சைப் பிடித்துக்கொண்டு கழலவே கழலாது. சரியாக வந்ததென்றால், லேசாக உதறியதும் பூ கழன்று எண்ணெயில் மிதக்கும்.

நாகர்கோவில் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் அச்சு முறுக்குக்கும் கேரளத்து அச்சப்பத்துக்கும் இதே கைவேலைதான். இதையே ஆங்கிலோ இந்தியர் ரோஸ் குக்கி என்கிறார்கள். ஒல்லாந்தரின் சொல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் முறை வந்து ஒட்டியிருக்கிறது. நார்வேக்காரர்களும் கிறிஸ்துமஸுக்கு இப்படிக் காம்பு வைத்த அச்சில் கோதுமை மாவைத் தோய்த்துப் பொரிக்கிறார்கள். அதனால் அச்சும் கப்பலேறி வந்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பெயரை மட்டும் வைத்துக் கொக்கிஸை ஒல்லாந்துப் பலகாரம் என்று எழுதுவதை ஏற்பதற்கில்லை. நெதர்லாந்தில் இன்று 'கூக்யெ' கேட்டால், தேநீரோடு கடிக்க வெண்ணெய் பிஸ்கட்தான் தருவார்கள்.