பெயரை மாற்றலாம், எழுதியவரை மறைக்கலாமா?

திறந்த மூல மென்பொருளொன்றை எடுத்து, நமது பொருளோடு சேர்த்து, நமது பெயரில் விற்கலாமா? சிறிய அளவில் மென்பொருள் செய்துகொடுத்துப் பிழைக்கும் இளைஞர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. பெரும்பாலும் விற்கலாம். ஆனால் இதில் இரண்டு உரிமைகள் உண்டு. பலர் அவற்றை ஒன்றென எண்ணிக் குழம்புகிறார்கள்.

ஒன்று பதிப்புரிமை. எம்ஐடி, அபாச்சி, ஜிபிஎல் ஆகிய உரிமங்கள் நிரலை மாற்றவும் விற்கவும் அனுமதிக்கின்றன. எழுதியவரின் பதிப்புரிமை அறிவித்தலை அழிக்க அனுமதிப்பதில்லை. மற்றையது வியாபாரக் குறி. நிரல் கிடைத்துவிட்டது என்பதற்காக அதன் பெயரும் இலச்சினையும் நமக்குச் சொந்தமாகிவிடாது.

பயர்பொக்ஸ் உலாவிக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அதன் இலச்சினை கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், டெபியன் லினக்ஸ் குழுவினர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இலச்சினையை நீக்கியிருந்தனர். 2006இல் மொசில்லா மறுப்புத் தெரிவித்தது: பெயர் வேண்டுமென்றால் இலச்சினையும் வேண்டும், செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமே செய்துவந்த டெபியனால் இதை ஏற்க முடியவில்லை. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0இல் அதே உலாவி 'ஐஸ்வீசல்' ஆனது. தண்டர்பேர்ட் 'ஐஸ்டவ்' ஆனது. சுமார் பத்து ஆண்டுகளின் பின், 2016இல்தான் இணக்கம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது. மொசில்லா கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் யாரோ மாற்றிய நிரலில் வரும் பிழைக்குத் தன் பெயர் கெடக்கூடாது என்ற அதன் அச்சம் நியாயமானதே.

வணிக நிறுவனங்கள் சறுக்குவது வேறிடத்தில். லிங்க்சிஸ் நிறுவனம் தனது WRT54G ரவுட்டருக்குள் லினக்ஸை வைத்து விற்றது. ஜிபிஎல் கேட்கும் மூலநிரல் வெளியே வரவில்லை. ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேட்டபின் 2003இல் அது வெளியானது. ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் அந்த நிரலிலிருந்துதான் பிறந்தது.

இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் வியாபாரக் குறியையும் பாதுகாக்கிறது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பை மீறினால் விநியோகிக்கும் உரிமை தானாகவே பறிபோகும். மூன்றாம் பதிப்பில், முதல் தடவை அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமை மீளும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பெயர், இலச்சினை, நிறம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். உரிமக் கோப்பைத் தொடாதீர்கள். ஜிபிஎல் நிரலென்றால், வாங்கியவர் கேட்கும்போது மூலநிரலைக் கொடுக்கத் தயாராக வைத்திருங்கள். மென்பொருளின் 'பற்றி' பக்கத்தில் மூலத் திட்டத்தின் பெயரையும் ஒரு வரியில் போடுங்கள்.