காளி வேயீன்

பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தனோவா என்ற ஊருக்கருகே ஊற்றெடுத்து, கபூர்தலா, சுல்தான்பூர் லோதி வழியாக ஏறத்தாழ 160 கி.மீ. ஓடும் சிற்றாறு. பியாஸும் சட்லெஜும் கூடும் ஹரிகே பகுதியில் முடிகிறது. சீக்கியருக்கு இதுவே ஞானம் பிறந்த ஆறு.

குரு நானக் இளமையில் சுல்தான்பூர் லோதியில், அங்கிருந்த ஆளுநர் தௌலத் கான் லோதியின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். விடியலில் குளிப்பது இந்த ஆற்றில்தான். 1499 வாக்கில் ஒருநாள் நீரில் இறங்கியவரைக் காணவில்லை. மூன்றாம் நாள் கரையேறி, இந்து, முஸ்லிம் என்ற பிரிவைக் கடந்த ஒரே இறைவனைப் பற்றிப் பேசினார் என்பது மரபு. நெடும்பயணங்கள் அதன் பிறகே தொடங்கின. தெற்கே அவர் வந்து சென்றதன் நினைவாக ராமேஸ்வரத்திலும் ஒரு குருத்வாரா உண்டு. காற்றையும் நீரையும் நிலத்தையும் மனிதரோடு உறவுமுறையில் சேர்த்துப் பேசும் ஜப்ஜி அவருடைய பாடல்தான்.

அப்படிப்பட்ட ஆறு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாக்கடையாகிவிட்டது. கரையோர நகரங்களும் ஊர்களும் கழிவை அதில் விட்டன. ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது; சில இடங்களில் தண்ணீரே இல்லை. குரு குளித்த நீரைக் கையில் அள்ளக்கூட முடியாத நிலை.

2000 ஜூலையில் சீக்கியத் துறவி சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் தம் தொண்டர்களோடு ஆற்றைத் தூய்மைப்படுத்த இறங்கினார். சீக்கியர் இதைக் கார் சேவை என்பார்கள். நம் உழவாரப்பணிக்கு நெருங்கிய சொந்தம். குருத்வாராக் குளங்களைத் தூர்வார வழிவழியாக நடந்துவந்த கைத்தொண்டை அவர் ஒரு முழு ஆற்றுக்கே விரித்தார். அவர் செய்தவற்றில் இதையே பெரிதாகச் சொல்ல வேண்டும். இடுப்பளவுச் சேற்றில் நின்று செடியைப் பிடுங்கினார்கள், கரை கட்டினார்கள், படித்துறை அமைத்தார்கள், மரம் நட்டார்கள். ஆனால் கழிவு வந்துகொண்டே இருந்தால் தூர்வாரிப் பயனில்லை. அதனால் ஊர்க் கழிவுநீரை அடுத்தடுத்த கிணறுகளில் தெளியவைத்து, குளத்தில் தேக்கி, வயலுக்குப் பாய்ச்சும் எளிய முறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்.

2006இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ராமேஸ்வரத்துக்காரர், நேரில் வந்து பார்த்தார். சீச்சேவாலுக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் மாநிலங்களவை உறுப்பினரானார். ஆயினும் வேலை முடியவில்லை. பின்னாளிலும் கழிவு கலந்து மீன்கள் செத்து மிதந்ததுண்டு.

ஒப்புநோக்கத்தக்கது சேலத்தின் திருமணிமுத்தாறு. அது பிறக்கும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு மேலே, குகைக்கோயிலில் சேர்வராயனோடு காவேரி அம்மனையும் மலைமக்கள் வணங்குகிறார்கள். அடிவாரத்தைக் கடந்து நகருக்குள் நுழைந்ததும் ஆறு சாக்கடைநீரைச் சுமக்கத் தொடங்குகிறது. சுகவனேசுவரர் கோயில் அதன் கரையில்தான் இருக்கிறது.