அசை பிரித்தலும் சொல் பிரித்தலும்

ஆங்கிலச் சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்து எழுத்துக்கூட்டும் பழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தபோது, அத்துண்டாகிய 'சிலபி'ளுக்கு 'அசை' என்னும் யாப்புச் சொல்லே பெயராயிற்று. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர்ப்பெயரையே பிரித்துப் பார்க்கலாம். சிலபிள் கணக்கில் மே-ல-க-ரம் என நான்கு துண்டுகள். அமிதசாகரரின் காரிகை வழியில் மே/லக/ரம். நேர், நிரை, நேர். அதாவது கூவிளங்காய். இரு குறில்கள் இணைந்து ஒரு நிரையாகிவிடுகின்றன. சிலபிளையே அசையெனக் கொண்டு எண்ணும் மாணவனுக்கு மேலகரம் நாலசைச்சீராகி, வெண்பாவிற்குள் நுழையவே தகுதியற்றதாகிவிடும்! கவிராயர் பிறந்த மண்ணுக்கு இதனினும் பெரிய அநீதி வேண்டுமோ?

ஆங்கிலத்தார் சொல்லைப் பிரித்ததற்குக் காரணம் வேறு. அவர்களுடைய ஓர் உயிரெழுத்தே குறிலாகவும் நெடிலாகவும் ஒலிக்கும். 1740இல் வெளிவந்த தாமஸ் டில்வொர்த்தின் பாடநூல் வழியினர் 'பிஷப்' என்னும் சொல்லை முதல் உயிரோடு நிறுத்திப் பிரித்தனர். அவ்வாறு நிறுத்தினால் குழந்தை 'பை' என நீட்டிப் படித்துவிடும் என்று அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் மறுத்தார். 1783இல் தாம் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூலில் 'பிஷ்-அப்' என, செவி கேட்டவாறே பிரித்துக் காட்டினார். எழுத்தின் குறையை ஈடுசெய்ய எழுந்த உத்தி அது.

தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. (ஏட்டுச்சுவடிகளில் எகர ஒகரங்கள் தந்த தொல்லை தனிக்கதை.) எனவே இங்கு அசை பிரித்தது எழுத்துக்கூட்டுவதற்கன்று, ஓசைக்காகவே. தொல்காப்பியர் நேர்பு, நிரைபு என்பவற்றையும் சேர்த்து நான்கு அசை கொண்டார். பிற்காலத்தார் இரண்டோடு அமைந்தனர். வெண்பாவின் ஈற்றில் வரும் காசும் பிறப்பும் அப்பழைய அசைகளின் எச்சங்களே. ஓசையின் பொருட்டுச் சொல்லையே பிளந்து, ஒரு பாதியை அடுத்த சீரில் வைக்கவும் புலவர் துணிந்தனர். அதற்கு வகையுளி என்று பெயர். பொருளைத் தேடும் வாசகன் அவ்விடத்தில் சற்றுத் தடுமாறுவான். பாடிக் கேட்பவன் தடுமாறான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், விருத்தத்தோடு சிந்தும் கண்ணியும் கலந்து ஆடலுக்கெனவே அமைந்த குற்றாலக் குறவஞ்சி, செவியை நம்பிப் பிறந்த நூல்.

ஆங்கிலச் சொல்லும் தமிழ் நாவில் இவ்வோசைக்கு உட்பட்டது. 'ஸ்கூல்' அவர்களுக்கு ஒரே சிலபிள். மெய் மொழிக்கு முதலாகாத தமிழில் அது 'இஸ்கூல்' ஆகி, நேர்நேர் தேமாவாயிற்று. 'பள்ளி'யும் தேமாதான், மாற்றி வைத்தாலும் வெண்பாவின் தளை பெரும்பாலும் கெடாது.