குதிரை வித்தவரும் பைக் வித்தவரும்

பக்கத்துத் தெருக்காரர்கிட்ட ஒரு பழைய பைக் வாங்குறோம். ரெண்டே வாரத்துல இன்ஜின் நின்னுடுது. மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டு, "இது ரொம்ப நாள் கோளாறு சார்" என்கிறார். வித்தவருக்குப் போன் போட்டா, "ஓட்டிப் பார்த்துட்டுத்தானே வாங்கினீங்க?" என்று பதில் வருது. யார் பக்கம் நியாயம்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நாளா பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் படிச்சுக்கிட்டிருக்கேன். பைக், கார் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இந்தச் சண்டை இருந்திருக்கு.

பண்டைய ரோமாபுரியில் சந்தையைக் கண்காணிக்க ஈடில் எனப்பட்ட அதிகாரிகள் இருந்தார்கள். அடிமைகளையோ கால்நடைகளையோ விற்பவர், அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஆணை. மனுஷனையும் மாட்டையும் ஒரே பட்டியலில் வைத்த கொடூரமான சந்தைதான் அது. ஆனால் வாங்குபவருக்குக் கிடைத்த பாதுகாப்பு பெரிசு. குறையை மறைத்து விற்றிருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், அல்லது ஒரு வருஷத்துக்குள் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். "எனக்கே தெரியாதுங்க" என்று விற்றவர் சொன்னாலும் தப்பிக்க முடியாது.

இங்கிலாந்து நேரெதிர்ப் பாதையில் போச்சு. 1603-ல் ஒரு வழக்கு. பொற்கொல்லர் ஒருவர், விஷத்தை முறிக்கும் பெசோவார் கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். ஆட்டு வயிற்றில் உருவாகிற கல் அது. நம்ம கோரோசனைக்கு ஒருவகையில் பங்காளி. வாங்கியவர், இது அசல் இல்லை என்று வழக்குப் போட்டார். விற்றவர் "இது பெசோவார்" என்று சொன்னாரே தவிர, அதற்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை, அதனால் பொறுப்பில்லை என்று முடிந்தது. வாங்குபவர்தான் உஷாரா இருக்கணும் என்ற கொள்கைக்கு இதைத்தான் இன்றும் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

அந்தக் கொள்கை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவைப் பாருங்க. மோசடி என்றால் என்ன என்று விளக்க, சட்டம் எழுதினவங்க எடுத்துக்கிட்டது ஒரு குதிரையை. குதிரைக்குக் குறை இருப்பது விற்பவருக்கு நல்லாவே தெரியும். ஏலத்தில் வாய் திறக்காமல் விற்கிறார். இது மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குவது அவருடைய சொந்த மகள், இப்பத்தான் வயசுக்கு வந்தவள் என்றால், உண்மையைச் சொல்வது அவர் கடமை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்" என்று வாங்குபவர் கேட்கிறார். விற்பவர் சும்மா நிற்கிறார். அந்த மௌனம், குதிரை நல்லா இருக்குன்னு வாயால சொன்னதற்குச் சமம்.

குதிரை போய் கார் வந்த பிறகு என்ன ஆச்சு? இங்கிலாந்தில் 1967-ல் பீல் எதிர் டெய்லர் என்று ஒரு வழக்கு. விற்றவர் வியாபாரி இல்லை, சாதாரண ஆள். 1961-ஆம் வருஷத்து ஹெரால்டு கார் என்று விளம்பரம் கொடுத்திருந்தார். அறுபதுகளில் மெட்ராஸ்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலம் இந்த டிரையம்ப் ஹெரால்டுதான். வாங்கியவர் நேரில் வந்து பார்த்துத்தான் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டும்தான் 1961. முன்பாதி அதைவிடப் பழைய இன்னொரு கார். ரெண்டையும் வெல்டு பண்ணி ஒட்டியிருந்தார்கள். இது விற்றவருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. காரணம், கொடுத்த பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகணும்.

நம்ம 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் அந்த ஆங்கிலச் சட்டத்தின் வார்ப்புதான். விவரம் சொல்லி விற்றால் பொருள் அதற்கு ஒத்திருக்கணும் என்பது அதில் 15-ஆவது பிரிவு. ஆனால் 16-ஆவது பிரிவு, பொருள் தரமா இருக்கும் என்ற சொல்லாத உத்தரவாதத்தை, அந்த வகைப் பொருளையே வியாபாரமாக விற்பவர் மீதுதான் சுமத்துகிறது. அதாவது பழைய பைக் வியாபாரி மாட்டுவார். பக்கத்துத் தெருக்காரர் பெரும்பாலும் மாட்டமாட்டார். அவர் பொய் சொல்லியிருந்தாலோ, கேட்டதற்கு மழுப்பியிருந்தாலோதான் கதை மாறும். அப்பவும் ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஒரு கொக்கி வைத்திருக்கிறது. மோசடி மௌனத்தால்தான் என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

விற்பவர் நிம்மதியா இருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு, அது விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஜின் போனா பொறுப்பில்லை. வாங்கினவர் யார் மேலயாவது மோதினா பொறுப்பு உண்டு!

இவ்வளவையும் படிச்ச பிறகு எனக்குத் தோணுறது இதுதான். நம்ம சட்டத்துல ரோமாபுரி ஈடில் இல்லை. இருக்கிறது அந்த மூன்றாவது குதிரைதான். "இன்ஜின் வேலை ஏதாவது பார்த்திருக்கீங்களா? விபத்துல அடிபட்டிருக்கா? இல்லைன்னா நல்லா இருக்குன்னுதான் எடுத்துக்குவேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்க. அதுக்கு அவர் பதில் சொன்னாலும் சாட்சி, சொல்லாம விட்டாலும் ஒருவகையில் சாட்சி. தெரிஞ்சவர்கிட்ட இப்படிக் கேட்கக் கூச்சமாத்தான் இருக்கும். கேட்டுட்டு ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போங்க.