12 ஆங்ரி மென்

12 ஆங்ரி மென், அமெரிக்க எழுத்தாளர் ரெஜினால்ட் ரோஸ் எழுதிய நீதிமன்ற நாடகம். 1954இல் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாகி, 1957இல் சிட்னி லூமெட் இயக்கத்தில் திரைப்படமானது. தந்தையைக் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட 18 வயது இளைஞன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் விவாதிப்பதே கதை. கொன்றது யார் என்பது கடைசிவரை தெரியவராது. அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபித்துவிட்டதா என்பது மட்டுமே கேள்வி.

தோற்றம்

1954இல் நியூயார்க்கில் ஓர் ஆட்கொலை வழக்கில் ரோஸ் ஜூரியாக அமர்ந்தார். அங்கு மணிக்கணக்கில் நடந்த வாக்குவாதம் நாடகத்துக்கு வித்திட்டது. சி.பி.எஸ். நிறுவனத்தின் 'ஸ்டூடியோ ஒன்' தொடரில் 1954 செப்டம்பர் 20 அன்று அது ஒளிபரப்பானது. ரோஸ், இயக்குநர் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர், நடிகர் ராபர்ட் கம்மிங்ஸ் மூவரும் எம்மி விருது பெற்றனர். முழுமையான பதிவு தொலைந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டு, 2003இல் கிடைத்தது.

சாட்சியங்களின் சரிவு

முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் 'குற்றவாளி' என்கின்றனர்; எட்டாம் ஜூரி மட்டும் மறுக்கிறார். வழக்கு முக்கியமாக இரு சாட்சிகளை நம்பியிருக்கிறது. "கொன்றுவிடுவேன்" என்ற கூச்சலும் உடல் விழுந்த சத்தமும் கேட்டதாகவும், 15 விநாடிகளில் கதவைத் திறந்து இளைஞன் ஓடுவதைப் பார்த்ததாகவும் கீழ்வீட்டு முதியவர் சொல்லியிருக்கிறார். கடந்துசென்ற ரயிலின் கடைசி இரு பெட்டிகளின் ஜன்னல்கள் வழியே கொலையைக் கண்டதாக எதிர்வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறார்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. உடல் விழும்போது ரயில் ஜன்னலோரம் இரைந்துகொண்டிருந்தது என்றால், முதியவருக்குக் கூச்சல் எப்படிக் கேட்டிருக்கும்? கால் தாங்கி நடக்கும் அவர் கதவை அடைய எவ்வளவு நேரமாகும் என்று அறையிலேயே நடந்து பார்க்கிறார்கள். படத்தில் 41 விநாடிகள் ஆகின்றன. பெண்ணின் மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்புகள் இருந்ததை ஒன்பதாம் ஜூரி நினைவுகூர்கிறார். படுக்கையில் கண்ணாடியில்லாமல் அவர் எதைப் பார்த்திருப்பார்? இருவரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நாடகம் காட்டுவதில்லை. கண்டதாக நம்பியதைச் சொல்லியிருக்கலாம் என்கிறது.

திரைப்படம்

லூமெட்டின் முதல் படமான இதை ஹென்றி ஃபோண்டாவும் ரோஸும் தயாரித்தனர். எட்டாம் ஜூரியாக ஃபோண்டாவும் மூன்றாம் ஜூரியாக லீ ஜே. காப்பும் நடித்தனர். 96 நிமிடப் படம் பெரும்பாலும் ஒரே அறையில் நகர்கிறது. போரிஸ் காஃப்மனின் கேமரா முதலில் கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்த்து, பிறகு படிப்படியாகத் தாழ்கிறது. லென்ஸ்களின் குவியத் தூரமும் கூடுவதால் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் தோன்றும். 1957இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருது கிடைத்தது. மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளிலும் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்திடம் தோற்றது.

மறுஆக்கங்கள்

1986இல் பாசு சாட்டர்ஜி இந்தியில் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' எடுத்தார். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாததால், இந்தப் படம் வருவதற்கு முன்பே இந்தியாவில் குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை முடிந்துபோயிருந்தது. ஜூரி முறை நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஜப்பானில் இக்கதையைத் தழுவிய கோக்கி மித்தானியின் நகைச்சுவை நாடகம் 1991இல் படமானது. 1997இல் வில்லியம் ஃபிரீட்கின் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகவும், 2007இல் நிகிதா மிகால்கோவ் ரஷ்யாவிலும் படமாக்கினர். ஜூரியே இல்லாத நாட்டிலும் கதை எடுபட்டதற்குக் காரணம், சாட்சியத்தைச் சோதிக்கும் வேலை எந்த நீதிமன்றத்துக்கும் பொதுவானது என்பதே.

சட்ட நோக்கில்

நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசியலமைப்பின்படி கட்டாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் வின்ஷிப் வழக்கில் அறிவித்தது. நேர்மையான சாட்சியும் தவறலாம் என்ற நாடகத்தின் பார்வைக்கு ஏற்ப, 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் வெளியிட்ட ஆய்வு, கேள்வியில் உள்ள ஒரு சொல்லை மாற்றினாலே விபத்தைப் பார்த்தவர்கள் சொல்லும் வேகம் மாறுவதைக் காட்டியது.

படத்தின் மீது குறையும் உண்டு. எட்டாம் ஜூரி தானே கடைக்குப் போய் கொலைக்குப் பயன்பட்டதைப் போன்ற கத்தியை வாங்கி வருவது விதிமீறல். ஜூரிகள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சான்றுகளை மட்டுமே எடைபோட வேண்டும். சட்டத் துறைக்கு வரத் தம்மை இப்படம் தூண்டியதாகச் சொன்ன உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயரே, இப்படத்து ஜூரிகளைப்போல் ஊகங்களில் இறங்க வேண்டாம் என்று கீழ் நீதிமன்றத்தில் ஜூரிகளுக்கு அறிவுறுத்தியதாகக் கூறியிருக்கிறார்.